கோத்துகள்: பால்டிக் கரையில் தொடங்கி வழிநெடுக உருவான இனம்

1434ஆம் ஆண்டு, இன்றைய சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் திருச்சபைப் பொதுச்சங்கம் கூடியிருந்தபோது, யார் எந்த வரிசையில் உட்காருவது என்று ஒரு சச்சரவு எழுந்தது. ஸ்வீடன் சார்பில் வந்திருந்த ஆயர் நிக்கோலாஸ் ராக்வால்டி எழுந்து, தன் அரசருக்குத்தான் முதல் மரியாதை வேண்டும் என்றார். ரோமாபுரியையே பணியவைத்த பண்டைய ஜெர்மானிய இனமான கோத்துகள் எங்கள் மண்ணில் பிறந்தவர்கள் என்பது அவருடைய வாதம். ஸ்பெயின் தரப்பு விடவில்லை. கோத்துகளில் துணிச்சல் உள்ளவர்கள் எல்லாம் கிளம்பி எங்கள் நாட்டுக்கு வந்துவிட்டார்கள், போகச் சோம்பல்பட்டவர்கள்தான் ஸ்வீடனில் தங்கினார்கள் என்று பதில் சொன்னது.

இருக்கைச் சண்டைதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஐந்நூறு ஆண்டு கழித்து, 1939 செப்டம்பரில் போலந்தைப் பிடித்த நாஜிகள் அந்நாட்டின் கிதீனியா துறைமுகத்துக்கு ‘கோட்டன்ஹாஃபன்’, அதாவது கோத்துகளின் துறைமுகம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கே குடியிருந்த போலந்து மக்கள் வீடுவாசலை விட்டு விரட்டப்பட்டார்கள். கிரிமியாவிலும் இதே திட்டம் இருந்தது; செவஸ்தபோல் நகரம் கோத்து மன்னர் தியோடெரிக்கின் பெயரைத் தாங்குவதாக இருந்தது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் மூதாதையர் இங்கே இருந்தார்கள், ஆகவே இந்த மண் எங்களுடையது என்கிற கணக்கு அது.

கோத்துகள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்கு விடை தேடும்போது இந்தப் பின்னணி நினைவில் இருப்பது நல்லது. வடக்கிலிருந்து ஆட்கள் வந்தது உண்மை. அதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் பால்டிக் கரையை விட்டுப் புறப்பட்டவர்களும் 410இல் ரோமுக்குள் நுழைந்தவர்களும் ஒரே கூட்டம் என்று எடுத்துக்கொண்டால் இந்த வரலாற்றில் பாதி நம் கையை விட்டுப் போய்விடும். இடையில் கடந்தது நானூறு ஆண்டு, பல ஆயிரம் கிலோமீட்டர், எத்தனையோ வேற்றுக்குடிகள்.

மூன்று கப்பல் கதை

கோத்துகளின் பூர்வீகம் பற்றிய புகழ்பெற்ற கதை யோர்தானெஸ் என்பவர் மூலம் நமக்கு வந்தது. கோத்து வழியில் வந்த இவர் 551 வாக்கில் கான்ஸ்டாண்டினோபிளில் இருந்து லத்தீனில் எழுதினார். அவர் சொல்வது இது: வடக்கே ‘ஸ்கன்சா’ என்றொரு பெரிய தீவு. இனங்களைப் பெற்றுத்தள்ளும் கருப்பை போன்றது அது. அங்கிருந்து பெரிக் என்ற அரசன் தலைமையில் மூன்று கப்பல்களில் கோத்துகள் கிளம்பி எதிர்க்கரையில் இறங்கினார்கள். மூன்றாவது கப்பல் தாமதமாக வந்தது. அதில் வந்தவர்கள் கெப்பிடுகள் என்ற தனி இனம் ஆனார்கள். சில தலைமுறைக்குப் பின் ஃபிலிமர் என்ற அரசன் மக்களைத் தெற்கே, கருங்கடல் பக்கமுள்ள செழிப்பான நாட்டுக்கு அழைத்துச் சென்றான். போகும் வழியில் பாலம் உடைந்து, பாதிப் பேர்தான் அக்கரை சேர்ந்தார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், யோர்தானெஸ் சொல்லும் கணக்குப்படி பெரிக்கின் பயணம் கி.மு. 15ஆம் நூற்றாண்டுக்குப் போய்விடுகிறது. கோத்துகளோடு தொடர்பே இல்லாத கேட்டே என்ற பழைய திரேசிய மக்களின் வரலாற்றை முழுதாக எடுத்துக் கோத்துகளின் கணக்கில் சேர்த்துவிடுகிறார். அமேசான் வீராங்கனைகளும் கோத்துப் பெண்களாகிவிடுகிறார்கள். அவருக்கு மூலமாக இருந்தது காசியோதோரஸ் எழுதிய பன்னிரண்டு பகுதி வரலாறு. அது இன்று நம்மிடம் இல்லை. காசியோதோரஸ் இத்தாலியை ஆண்ட கோத்து அரசவையில் பெரும் பதவி வகித்த ரோமானியர். ஆளும் குடும்பத்துக்கு நீண்ட, கௌரவமான வம்சாவளி தேவைப்பட்டது. இளவரசன் அத்தலாரிக்கைப் பதினேழாவது தலைமுறை என்று கணக்கிட்டு அவர் கொடுத்தார். அரசவைக்காகத் தொகுக்கப்பட்ட வம்சாவளியை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது.

அதற்காக எல்லாவற்றையும் தூக்கி எறியவும் வேண்டாம். கோத்துகளிடையே பழம்பாடல்கள் இருந்தன என்றும் அவற்றிலிருந்தே இச்செய்திகள் வந்தன என்றும் யோர்தானெஸ் சொல்கிறார். அதைச் சோதித்துப் பார்க்க வேறு வழிகள் இருக்கின்றன. ரோம ஆசிரியர் டாசிட்டஸ் 98இல் ‘கோதோனெஸ்’ என்ற மக்களை இன்றைய போலந்தின் விஸ்டுலா ஆற்றுப் பக்கம் குறிப்பிடுகிறார்: மற்ற ஜெர்மானியரைவிடச் சற்று இறுக்கமான அரசாட்சி, ஆனால் மக்களின் சுதந்திரம் பறிபோகும் அளவுக்கு அல்ல. அவர்களுக்கும் பக்கத்துக் குடிகளுக்கும் வட்டக் கேடயமும் குட்டை வாளும் அடையாளம். அரை நூற்றாண்டு கழித்துப் புவியியலாளர் தாலமி எழுதியபோதும் அதே ஆற்றுப் பக்கம் இதே பெயர் வருகிறது. ஸ்வீடனுக்குச் சொந்தமான கோட்லாந்து தீவும், தென் ஸ்வீடனின் யோட்டலாந்து பகுதியும் இப்பெயரோடு உறவுடையவை. பெயர் ஒற்றுமையால் உறவு தெரிகிறதே ஒழிய, யார் எந்தத் திசையில் போனார்கள் என்பது தெரியாது. அதற்கு மண்ணைத் தோண்டத்தான் வேண்டும்.

ஆயுதம் இல்லாத கல்லறைகள்

போலந்தின் மால்போர்க் நகருக்குப் பக்கத்தில் வியெல்பார்க் என்ற இடத்தில் 1873இல் ஒரு பழைய இடுகாடு வெளிப்பட்டது. அதே வகை இடுகாடுகள் விஸ்டுலா ஆற்றின் கீழ்ப்பகுதி எங்கும் கிடைக்க, அந்தப் பண்பாட்டுக்கே வியெல்பார்க் என்ற பெயர் நிலைத்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் தொடங்கும் இப்பண்பாட்டைத்தான் கோத்துகளோடு பொருத்துகிறார்கள்.

இந்தக் கல்லறைகளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரே இடுகாட்டில் எரித்த சாம்பலும் இருக்கிறது, முழு உடலைப் புதைத்த குழியும் இருக்கிறது. பெண்ணின் தோளருகே ஆடையைப் பிடித்து நிறுத்திய வெண்கல ஊக்குகள். கழுத்தில் கண்ணாடி மணியும் பால்டிக் ஆம்பர் மணியும். மணிமாலையை இணைக்க எஸ் எழுத்து வடிவில் வெள்ளிக் கொக்கி. கையில் பாம்புத்தலை முனை கொண்ட வளையல். ஆணின் குழியிலோ இடுப்புப் பட்டைக் கொக்கி இருக்கும், சில சமயம் குதிரையை முடுக்கக் குதிகாலில் கட்டும் முள் இருக்கும். வாள், ஈட்டி, கேடயம் எதுவும் இருக்காது. தெற்கே இருந்த பக்கத்துப் பண்பாடான பிஷெவோர்ஸ்க் மக்கள் வாளை வளைத்துக்கூட மாண்டவரோடு போட்டு அனுப்பினார்கள். ரோமை நடுங்கவைத்த இனத்தின் முன்னோர் தம் மாண்டவரோடு ஒரு கத்திகூட வைக்கவில்லை! அது வறுமையால் அல்ல, வழக்கத்தால். இந்த வழக்கம்தான் ஆய்வாளர்களுக்குப் பெரிய கைவிளக்கு. ஆயுதமற்ற இந்தக் கல்லறைகள் எந்தத் திசையில் பரவுகின்றன என்று பார்த்தே மக்கள் நகர்ந்த பாதையை வரைந்தார்கள்.

வியெல்பார்க் பண்பாடு கப்பலில் வந்து இறங்கிய ஒன்றா? பல இடுகாடுகளில் அதற்கு முந்தைய ஒக்ஸிவியே பண்பாட்டுக் கல்லறைகளின் தொடர்ச்சியாகவே வியெல்பார்க் கல்லறைகள் வருகின்றன. பழைய குடிகள் ஒரே நாளில் மறைந்து புதியவர்கள் வந்து உட்கார்ந்தது போலத் தெரியவில்லை. ஆனால் ஒட்ரி, வெஞ்சோரி போன்ற இடங்களில் நெட்டுக்கற்களை வட்டமாக நட்ட இடுகாடுகள் இருக்கின்றன. அவை ஸ்காண்டிநேவிய வழக்கத்தை நினைவூட்டுபவை. ஆகவே தொல்லியலாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். முழு இனமும் கடல் கடந்து வந்தது என்றது ஒரு கட்சி. யாரும் வரவில்லை, உள்ளூர் மக்களிடம் வழக்கம்தான் மாறியது என்றது மற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இரண்டாவது கட்சியின் கை ஓங்கியதில் வியப்பில்லை. நாஜிகள் இனப் பெயர்ச்சிக் கதைகளை என்ன செய்தார்கள் என்று பார்த்த தலைமுறை அது.

கடந்த சில ஆண்டுகளில் எலும்புகளிலிருந்து பிரித்தெடுத்த மரபணு இந்த வழக்கில் சாட்சி சொல்ல வந்தது. வியெல்பார்க் இடுகாட்டு மனிதர்கள் தென் ஸ்காண்டிநேவிய மக்களுக்கு மிக நெருக்கமானவர்கள் என்று போலந்து ஆய்வாளர்களின் முடிவுகள் காட்டின. ஸ்காண்டிநேவியாவில் இன்றும் பரவலாக உள்ள ஐ1 என்ற தந்தைவழி மரபு அங்கே அடிக்கடி தென்படுகிறது. போஸ்னான் அருகே கோவலெவ்கோ இடுகாட்டில் இன்னொரு செய்தியும் கிடைத்தது. அங்கே புதைந்த ஆண்கள் டென்மார்க்கின் ஜட்லாந்துப் பக்கத்து இரும்புக்கால மக்களை ஒத்திருந்தார்கள். பெண்களின் தாய்வழி மரபோ ஐரோப்பாவின் பழைய வேளாண் குடிகளை ஒத்திருந்தது. வந்தவர்கள் இருந்தவர்களிடம் பெண் எடுத்தார்கள் என்பதே இதற்கு இயல்பான விளக்கம். மூன்று கப்பலில் ஒரு நாள் வந்து இறங்கிய கதையைவிட, பல தலைமுறையாகச் சிறுசிறு கூட்டமாகக் கடல் கடந்து வந்து கலந்த கதை இந்தச் சான்றுகளோடு நன்றாகப் பொருந்துகிறது. ஆக, முதல் கல்லறையிலிருந்தே கலப்பு தொடங்கிவிட்டது.

ஆற்றோரமாகத் தெற்கே

இரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வடக்கே சில இடுகாடுகள் கைவிடப்படுகின்றன. தென்கிழக்கே அதே வகை இடுகாடுகள் புதிதாகத் தொடங்குகின்றன. விஸ்டுலாவிலிருந்து பூக் ஆற்றைப் பிடித்து, மேற்கு உக்ரைனின் வோலின் பகுதி வழியே நீஸ்டர், நீப்பர் ஆறுகளை நோக்கி இந்தப் பாதை போகிறது. இரண்டு மூன்று தலைமுறை பிடித்த நகர்வு இது. வண்டி கட்டி ஒரே மூச்சில் போன படையெடுப்பாகக் கற்பனை செய்யத் தேவையில்லை. தெற்கே ஈர்த்தது ரோம எல்லையின் செல்வம். எல்லைக்கு அப்பால் இருந்த தலைவர்களுக்கு ரோம் பொன்னும் வெள்ளியும் கொடுத்து வந்தது. யார் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களுக்கே அது கிடைக்கும். தொலைவில் இருந்தவர்கள் பக்கத்தில் வர முயன்றதில் ஆச்சரியம் என்ன?

கருங்கடலுக்கு வடக்கே வந்து சேர்ந்தபோது அங்கே உருவானது வேறொரு பண்பாடு. கீவுக்கு அருகே செர்னியாஹிவ் என்ற ஊரில் விகென்டி ஹ்வொய்கா 1900 வாக்கில் தோண்டி வெளிக்கொண்டு வந்ததால் அதற்கு அந்த ஊரின் பெயர். மனிதரும் மாடும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நீள்வீடு வடக்கு வழக்கம். சக்கரத்தில் வனைந்த சாம்பல்நிறப் பானை ரோமப் பக்கத்துக் கைத்திறன். கையால் பிடித்த பானை இன்றைய ருமேனியப் பகுதியில் வாழ்ந்த தாசிய மக்களுடையது. சில கல்லறைகளின் அமைப்பு புல்வெளியில் குதிரையேறித் திரிந்த சர்மாத்தியருடையது. இவை எல்லாம் ஒரே ஊரில், சில சமயம் ஒரே இடுகாட்டில். கோத்து மொழி பேசிய தலைவர்கள் மேலே இருந்தார்கள் என்பது மட்டும் ஓரளவு தெளிவு. ருமேனியாவின் பியெத்ரோவாசாவில் 1837இல் கல் வெட்டியவர்கள் கையில் கிடைத்த பொற்குவியலில் ஒரு வளையத்தில் ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்தில் கோத்துகளின் பெயரும் ‘புனிதம்’ என்ற சொல்லும் பொறித்திருந்தன. அந்த வளையம் 1875இல் திருடுபோய், துண்டாக வெட்டப்பட்ட நிலையில் திரும்பக் கிடைத்தது.

238இல் டான்யூப் முகத்துவாரத்துக்கு அருகே ஹிஸ்திரியா நகரம் சூறையாடப்பட்டதிலிருந்து கோத்துகள் ரோம ஆவணங்களில் இடம்பிடிக்கிறார்கள். 251இல் அப்ரிட்டஸ் போரில் அவர்கள் தலைவன் நிவா, பேரரசர் தேசியஸையும் அவர் மகனையும் வீழ்த்தினான். வெளிப்பகைவரோடு போரிட்டு ஒரு ரோமப் பேரரசர் களத்தில் மடிந்தது அதுவே முதல் முறை. பிறகு கப்பலேறி சின்ன ஆசியாவின் கரைகளைக் கொள்ளையடித்தார்கள். எபேசு நகரின் ஆர்ட்டெமிஸ் கோவில் அதில் எரிந்தது.

இந்தக் கொள்ளைகளில் பிடித்துவந்த கைதிகளில்தான் எனக்கு மிகுந்த ஈடுபாடு. கப்படோக்கியாவின் சதகோல்த்தினா என்ற சிற்றூரிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட கிறிஸ்தவக் குடும்பத்தின் வழியில் 311 வாக்கில் பிறந்தவர் வுல்ஃபிலா. அவர் கோத்துகளிடையே வளர்ந்து, அவர்களுக்கே ஆயராகி, கிரேக்க எழுத்தை அடிப்படையாகக் கொண்டு கோத்து மொழிக்கு எழுத்து அமைத்து, விவிலியத்தை மொழிபெயர்த்தார். அரசர்களைப் பற்றிய ஆகமங்களை மட்டும் விட்டுவிட்டாராம். ஏற்கெனவே சண்டைப் பிரியர்களாக இருக்கும் இவர்களுக்கு அதையும் கொடுப்பானேன் என்று. கோத்து மொழி இன்று நமக்குத் தெரிவது பெரும்பாலும் இவரால்தான். ஊதா நிறத் தோலில் வெள்ளி மையால் எழுதிய அதன் ஆறாம் நூற்றாண்டுப் பிரதி ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அங்குள்ளவை 187 ஏடுகள், இன்னொன்று 1970இல் ஜெர்மனியின் ஸ்பயர் நகரில் கிடைத்தது. கோத்துகளின் மொழிக்கு எழுத்து கொடுத்தவர் அடிமையாக வந்தவர்களின் பேரன்! இரத்தத்தைத் தேடிப் போகிறவர்களிடம் இந்த ஒரு செய்தியைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

டான்யூப் கரையில் 376

கிழக்கிலிருந்து புல்வெளிக் குதிரைவீரர்களான ஹூணர்கள் வந்தார்கள். கிரெய்துங்கி என்ற கிழக்குக் கோத்துக் கூட்டத்தின் அரசன் எர்மனாரிக் தன்னையே மாய்த்துக்கொண்டான். மேற்கில் இருந்த தெர்விங்கி கூட்டம் 376இல் டான்யூப் கரைக்கு வந்து ரோமிடம் புகலிடம் கேட்டது. பேரரசர் வேலன்ஸ் அனுமதித்தார். அவருக்குப் படைக்கு ஆள் வேண்டியிருந்தது. அக்கால வரலாற்றாசிரியர் அம்மியானஸ் அந்தக் காட்சியை எழுதிவைத்திருக்கிறார். இரவும் பகலும் படகிலும் தெப்பத்திலும் குடைந்த மரத்திலும் மக்கள் ஏறி வந்தார்கள். மழையில் ஆறு பெருகியிருந்தது. நீந்திக் கடக்கப் பார்த்தவர்கள் மூழ்கினார்கள். வந்தவர்களை எண்ண முயன்ற அதிகாரிகள் முடியாமல் விட்டுவிட்டார்கள்.

பிறகு நடந்ததைப் படிக்கும்போது இன்றும் மனம் கொதிக்கிறது. லூப்பிசினஸ், மாக்சிமஸ் என்ற இரு அதிகாரிகள் அகதிகளுக்கு வரவேண்டிய உணவை முடக்கி வியாபாரம் செய்தார்கள். ஊரெங்கும் நாய்களைப் பிடித்துவரச் செய்து, ஒரு நாய்க்கு ஒரு ஆள் என்று அடிமைகளை வாங்கினார்கள். தலைவர்களின் பிள்ளைகள்கூட அதில் போனார்கள். மார்சியனோபிளில் விருந்துக்கு அழைத்த இடத்தில் கோத்துத் தலைவர்களைக் கொல்லப் பார்த்தபோது கலகம் வெடித்தது.

கலகம் தொடங்கியதும் தெர்விங்கி தலைவன் ஃபிரிதிகெர்ன் பக்கம் சேர்ந்தவர்கள் யார்? முன்பே அடிமையாக விற்கப்பட்ட கோத்துகள் ஓடிவந்தார்கள். திரேசியாவின் தங்கச் சுரங்கங்களில் வரிப்பளு தாங்காமல் தவித்த தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். பணக்காரர் தானியத்தை எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்று காட்டிக் கொடுத்தது அவர்கள்தான். ஹூணர் குதிரைப்படையும், புல்வெளியின் இன்னொரு குடியான ஆலனரின் குதிரைப்படையும் கூலிக்கு வந்தது. 378 ஆகஸ்ட் 9இல் அட்ரியானோபிளில் வெயிலில் களைத்திருந்த ரோமப் படையை, கிரெய்துங்கியும் ஆலனரும் கலந்த குதிரைப்படை பக்கவாட்டில் தாக்கியது. மூன்றில் இரண்டு பங்குப் படை அழிந்தது. வேலன்ஸின் உடல் கிடைக்கவே இல்லை. ‘கோத்துகளின் வெற்றி’ என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் அந்தப் போரின் படையில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால், பால்டிக் கரையை நினைக்கக்கூடிய ஆட்கள் எத்தனை பேர் தேறுவார்கள்?

பின்னாளில் ரோமைச் சூறையாடிய கோத்துத் தலைவன் அலாரிக்கின் கதையும் இதேதான். 408இல் ரோமத் தளபதி ஸ்டிலிக்கோ கொல்லப்பட்டபின், ரோமப் படையில் இருந்த வேற்றினத்துச் சிப்பாய்களின் மனைவி மக்களை இத்தாலிய நகரங்களில் வெட்டிப்போட்டார்கள். அந்தச் சிப்பாய்கள் நேரே அலாரிக்கிடம் போனார்கள். அவர்கள் 30,000 பேர் என்கிறார் வரலாற்றாசிரியர் சோசிமஸ். ரோமை முற்றுகையிட்டபோது நகரத்து அடிமைகள் கூட்டம் கூட்டமாகத் தப்பிவந்து சேர்ந்தார்கள். முற்றுகையை விலக்க அலாரிக் பெற்ற தொகை: 5,000 ராத்தல் தங்கம், 30,000 ராத்தல் வெள்ளி, 4,000 பட்டுச் சட்டை, செஞ்சாயமிட்ட 3,000 தோல், 3,000 ராத்தல் மிளகு. இந்த மிளகு சேரநாட்டு மலைச்சரிவில் விளைந்து, செங்கடல் வழியே எகிப்துக்கும் அங்கிருந்து ரோமுக்கும் போன சரக்கு. ஏறக்குறைய ஒரு டன். ரோம எல்லைக்குள் ஒரு தலைமுறை வாழ்ந்தவர்கள் எதற்கு விலை அதிகம் என்று நன்றாக அறிந்திருந்தார்கள். நாட்டில் குடியமர நிலமும் பதவியும் கேட்டுப் பேச்சு முறிந்த பிறகே, 410 ஆகஸ்ட் 24இல் அவர்கள் நகருக்குள் நுழைந்து மூன்று நாள் சூறையாடினார்கள்.

விசிகோத்து என்று பின்னால் பெயர் பெற்றவர்கள் இந்தக் கலவைக் கூட்டம்தான். 418இல் தென்மேற்கு பிரான்சில் நிலம் பெற்று, துலூஸ் நகரிலிருந்து ஆண்டு, 507இல் ஃபிராங்குகளிடம் தோற்று ஸ்பெயினுக்கு ஒதுங்கினார்கள். 711 வரை அங்கே அவர்களின் அரசு இருந்தது. அதற்கு வெகு முன்பே மொழி போய்விட்டது. 654இல் ரோமானியருக்கும் கோத்துக்கும் ஒரே சட்டம் வந்தது.

ஹூணர் ஆட்சிக்குள் மாட்டிக்கொண்ட கோத்துகள் 453இல் ஹூண அரசன் அட்டிலா இறந்தபின் வெளியே வந்தார்கள். அவர்களில் தியோடெரிக், எட்டு வயதில் பிணைக்கைதியாகக் கான்ஸ்டாண்டினோபிள் சென்று பத்து ஆண்டு அங்கே வளர்ந்தவர், 489இல் மக்களோடும் வண்டிகளோடும் இத்தாலிக்குள் நுழைந்தார். அவரோடு ரூகி என்ற இன்னொரு குடியும் வந்தது. கோத்துப் படையிலேயே இருந்தாலும் அவர்கள் வெளியே பெண் எடுப்பதில்லை, தங்கள் பெயரை விடுவதில்லை என்று வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் குறிக்கிறார். வெளியாருக்கு எல்லோரும் கோத்து. உள்ளே அவரவர் குடி அவரவருக்கு. 535இல் பைசாந்தியம் என்ற கிழக்கு ரோமப் பேரரசு தொடங்கிய போர் இருபது ஆண்டு நீடித்து இந்த அரசை அழித்தது.

எல்லோரும் மேற்கே போய்விடவில்லை. கிரிமியாவின் மலைகளில் ஒரு பகுதியினர் தங்கிவிட்டார்கள். அங்குள்ள மங்குப் குன்றின் தேவாலயக் கற்களில் கீறப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கோத்து எழுத்துகள் 2015இல் படித்தறியப்பட்டன. அவற்றில் சங்கீத வரிகளும் தனியாட்களின் வேண்டுதல்களும் இருக்கின்றன. 1475இல் துருக்கியர் மங்குப்பைப் பிடித்த பிறகும் மொழி சிறிது காலம் உயிரோடு இருந்தது. 1560 வாக்கில் ஆஸ்திரியத் தூதராகக் கான்ஸ்டாண்டினோபிளில் இருந்த புஸ்பெக், கிரிமியாவிலிருந்து வந்த இருவரை வரவழைத்துப் பேசி, ஏறத்தாழ எண்பது சொற்களைக் குறித்துக்கொண்டார். இருவரில் ஒருவர் உயரமானவர்; முகஜாடையில் ஃபிளாண்டர்ஸ்காரர் போல இருந்தார். அவர் பிறப்பால் அந்த மலைமக்களில் ஒருவர், ஆனால் கிரேக்கரோடு பழகிப் பழகித் தன் மொழியை மறந்துவிட்டிருந்தார். புஸ்பெக்குக்குக் கோத்துச் சொற்களைச் சொல்லிக் கொடுத்தவர் மற்றவர்: குள்ளமான, கறுத்த கிரேக்கர், அந்த மக்களோடு அடிக்கடி வியாபாரம் செய்து மொழியைக் கற்றுக்கொண்டவர்.